தோட்டா விலை: பழைய இரண்டு சென்ட் எங்கே போயிற்று?

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன், கிரீன் கார்டு உண்டு. துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சில் பழக்கமான அமெரிக்கப் பெரியவர் ஒருவர் வாயைத் திறந்தாலே 2005-ஆம் ஆண்டுக் கதைதான். பாயின்ட் 22 என்ற சின்ன அளவுத் தோட்டா 550 அடங்கிய பெட்டி பத்து டாலராம், ரஷ்யத் தோட்டா ஆயிரம் நூறு டாலராம். நிஜமாகவே அவ்வளவு மலிவா? அந்த விலை திரும்புமா?

பதில்: பெரியவர் கதை விடவில்லை. இரண்டு விலையும் உண்மை. ஆனால் அவை மலிவாக இருந்ததற்குக் காரணம் வேறு வேறு என்பதால் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ரஷ்ய, கிழக்கு ஐரோப்பியச் சரக்கில் பெரும்பகுதி பனிப்போர்க் காலத்தில் ராணுவத்துக்காகச் செய்து கிடங்கில் போட்டது. செய்த செலவை அந்த அரசுகள் எப்போதோ எழுதித் தள்ளிவிட்டன. சோவியத் யூனியன் உடைந்த பிறகு கிடங்கைக் காலி செய்தால் போதும் என்றிருந்தார்கள். கப்பல் கூலியும் இறக்குமதியாளர் லாபமும்தான் விலையாக வந்தது. 440 தோட்டா கொண்ட 7.62×54ஆர் (பழைய ரஷ்ய ரைஃபிள் தோட்டா அளவு) தகரப்பெட்டி 2010 வாக்கில்கூட எண்பது டாலருக்குள் கிடைத்தது. அதே ரஷ்யாவில் புதிதாகச் செய்த, பித்தளைக்குப் பதில் எஃகுக் கூடு கொண்ட தோட்டாவும் கூலி, மூலப்பொருள் மலிவால் பத்து சென்டுக்கு வந்தது.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. 1994-இல் சீனத் தோட்டா இறக்குமதி நின்றது. 2014 ஏப்ரலில் 5.45 மிமீ 7என்6 வகையைத் தடுத்தார்கள். அதன் குண்டுக்குள் எஃகு இருந்தது, அதே அளவில் கைத்துப்பாக்கியும் வந்துவிட்டது, ஆகவே கவசம் துளைக்கும் தோட்டா என்ற சட்ட வரையறைக்குள் அது விழுந்தது. 2021 செப்டம்பரிலிருந்து ரஷ்யத் தோட்டாவுக்குப் புதிய இறக்குமதி அனுமதி கிடையாது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் கிழக்கு ஐரோப்பாவில் மிச்சமிருந்ததற்கும் வேறு கிராக்கி வந்துவிட்டது. இந்த விலை திரும்பாது. பழைய ராணுவச் சரக்கின் விலை சந்தை விலையே அல்ல, கிடங்கைக் கழித்துக்கட்டிய விலை.

பாயின்ட் 22 வேறு விவகாரம். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், சட்டம் இறுகப் போகிறது என்ற பயத்தில் ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். கடை திறக்கும் முன்பே வரிசையில் நின்று வாங்கி, இரண்டு மூன்று மடங்குக்கு மறுவிற்பனை செய்தவர்கள் ஏராளம். அலமாரிகள் நிரம்ப ஆண்டுக் கணக்காயிற்று. இப்போது மொத்தப் பெட்டியில் ஒரு தோட்டா ஆறு முதல் எட்டு சென்ட். 2005-இன் பத்து டாலர் பணவீக்கப்படி 2024-இல் சுமார் பதினாறு. 550 தோட்டாவுக்கு இன்று 33 முதல் 44 டாலர் ஆகிறது. பணவீக்கத்தைக் கழித்தாலும் இரண்டு மடங்குக்கு மேல். இதில் பெரியவர் புலம்புவது நியாயம்தான்.

கைத்துப்பாக்கிக்கான 9 எம்எம் தோட்டாவுக்கும் அவர் இதே கதையைச் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். 2019 கடைசியில் 50 தோட்டா பெட்டி பத்து டாலருக்குள் கிடைத்தது. 2021 தொடக்கத்தில் முப்பத்தைந்து, நாற்பது வரை ஏறியது. இப்போது 12 முதல் 15 வரை. பணவீக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால் பழைய விலைக்கு ஏறக்குறையத் திரும்பிவிட்டது.

கேள்வி: ஓர் இணையக் கடையில் 9 எம்எம் ஆயிரம் தோட்டா 99 டாலர் என்று போட்டிருக்கிறான். ‘ஸெல்’ என்ற வங்கிப் பரிமாற்றம் வழியாகப் பணம் அனுப்பச் சொல்கிறான். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பித்தளை, ஈயம், பிரைமர் (தோட்டாவின் அடியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பகுதி) விலையோடு, தயாரிப்பாளர் கட்டும் 11 சதவீத மத்தியத் தீர்வையும் உள்ளே இருக்கிறது. பத்து சென்டுக்குப் புதிய 9 எம்எம் யாராலும் தர முடியாது. கார்டு வாங்காமல் ஸெல், கிரிப்டோ மட்டும் கேட்பவனிடம் போன பணம் திரும்பாது. இன்னொரு அடையாளம்: அமெரிக்க அஞ்சல் துறை தோட்டாவைக் கையாள்வதே இல்லை, யூபிஎஸ், ஃபெடெக்ஸ் போன்ற தனியார் வழியில்தான் வரும். ‘இலவச அஞ்சல் டெலிவரி’ என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

கேள்வி: பழைய வீட்டுச் சாமான் விற்பனையில் சீல் உடையாத 7.62×54ஆர் தகரப்பெட்டி ஒன்று கிடைத்தது. ஐம்பது வருடச் சரக்கு. சுடலாமா? துப்பாக்கி துருப்பிடித்துவிடும் என்கிறார்களே?

பதில்: சீல் நன்றாக இருந்தால் பெரும்பாலும் சுடலாம். பெட்டியைத் திறந்ததும் இருபது இருபதாகக் காகிதப் பொட்டலங்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். பச்சை பூத்தது, கழுத்தில் கீறல் விட்டது, விரலால் திருகினால் குண்டு ஆடுவது ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். குண்டின் முனை நிறத்தையும் கவனியுங்கள். வெள்ளி நிற முனை என்றால் உள்ளே எஃகு, காந்தம் ஒட்டும், பல ரேஞ்சுகளில் அனுமதிக்க மாட்டார்கள். பச்சை முனை ஒளிக்கோடு விடும் டிரேசர், காய்ந்த புல்லைப் பற்றவைக்கும். கறுப்பும் சிவப்பும் சேர்ந்த முனை தீ மூட்டும் வகை. கடைசி இரண்டு வகையையும் தொடாமல் வைத்துவிடுவதே நல்லது.

துரு விஷயம் உண்மை. பழைய பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழலுக்குள் படியும். கிட்டத்தட்ட சாப்பாட்டு உப்பு மாதிரிதான், காற்றின் ஈரத்தை இழுத்து எஃகைத் தின்னும். ஈரமான ஊரில் ஒரே ராத்திரியில் தெரியும்.

உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. துப்பாக்கி சுத்தம் செய்யும் வழக்கமான பெட்ரோலிய சால்வென்ட் மட்டும் போட்டுத் துடைத்துவிட்டு மறுவாரம் துருவைப் பார்த்து அதிர்பவர்கள் இதனால்தான். சுட்ட அன்றே, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறைப் பக்கமிருந்து புனல் வைத்து அரை லிட்டர் வெந்நீர் ஊற்றுங்கள். சூடான குழல் தானே சீக்கிரம் காயும். ஈரத்துணித் துண்டு மூன்று நான்கு, பின் உலர் துண்டு, கடைசியில் எண்ணெய். போல்ட்டின் முகத்தையும் பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் வரும் துளையையும் விட்டுவிடாதீர்கள். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் எஸ்கேஎஸ் போன்ற ரைஃபிளில், வாயு தள்ளும் கேஸ் பிஸ்டனும் சேர்த்தி. ஜன்னல் துடைக்கும் விண்டெக்ஸைப் பீய்ச்சுவது ஒரு பழக்கம், அதில் வேலை செய்வது தண்ணீர்தான், அமோனியா அல்ல. இரண்டு நாள் கழித்து வெள்ளைத் துண்டு விட்டுப் பாருங்கள். ஆரஞ்சு நிறம் ஏறினால் முதலிலிருந்து மறுபடி.

சுடும்போது ‘டிக்’ என்று மட்டும் கேட்டால் குழலை இலக்கை நோக்கியே வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள், பழைய பிரைமர் தாமதமாக வெடிக்கும். சத்தம் மந்தமாக வந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

கேள்வி: கடையா, இணையமா, சுட்ட கூட்டை நாமே மறுபடி நிரப்பி ரீலோட் செய்வதா, எது லாபம்?

பதில்: வீட்டு வாசலுக்கு வந்து சேரும் விலையைத் தோட்டா எண்ணிக்கையால் வகுங்கள். உதாரணமாக 9 எம்எம், இணையத்தில் ஆயிரம் 229 டாலர், அனுப்பும் செலவு 20, டெக்சஸில் இரண்டுக்கும் 8.25 சதவீத வரி. மொத்தம் 269.54, அதாவது 27 சென்ட். கடையில் 50 தோட்டா கொண்ட 13.50 டாலர் பெட்டி வரியோடு 14.61, அதாவது 29 சென்ட். ஆயிரத்துக்கு 23 டாலர் மிச்சம். இருநூறு மட்டும் வாங்கினால் அனுப்பும் செலவே அதை விழுங்கிவிடும்.

எஃகுக் கூடு தோட்டா இன்னும் சில சென்ட் குறையலாம். முதலில் உங்கள் ரேஞ்சின் விதியைக் கேளுங்கள், உள்ளரங்கில் பெரும்பாலும் தடை. அதன் குண்டின் உறையிலும் எஃகு இருக்கும், இலக்குக்குப் பின்னாலுள்ள தடுப்பில் பட்டால் பொறி பறக்கும்.

ரீலோடிங்: பாயின்ட் 22-க்கு நடக்காது, அதன் பிரைமர் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. பழைய ராணுவச் சரக்கு பெரும்பாலும் பெர்டன் பிரைமர், அடியில் இரண்டு சிறு துளை, சாதாரணக் கருவியால் பிரைமரை எடுக்க முடியாது. 9 எம்எம்முக்குக் கூடு இலவசம் என்றால் குண்டு பத்து சென்ட், பிரைமர் ஏழு, வெடிமருந்து மூன்று, ஆக இருபது. இணைய விலையான 27-இல் மிச்சம் ஏழு சென்ட். கருவிக்கு 300 முதல் 500 டாலர் ஆகும். நாலாயிரத்திலிருந்து ஏழாயிரம் தோட்டா செய்த பிறகுதான் போட்ட காசு வரும், உங்கள் நேரத்துக்குக் கூலி இல்லாமல். பிரைமர் மூன்று சென்ட் விற்ற காலத்துக் கணக்கைச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: என் தம்பி ஹெச்-1பி விசாவில் இருக்கிறான். அவன் பேரில் வாங்கி வைக்கலாமா?

பதில்: கூடாது. குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். முக்கிய விலக்கு, ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். அது இருந்தால் அதன் நகலையும் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் விசாவைக் கேட்கவில்லை என்பதால் பொறுப்பு அவர் தலையில் போகாது.

கேட்காத ஒன்று: ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை ஊருக்குப் போகும்போது சாமான் பையாக்க வேண்டாம். லைனிங்குக்குள் மாட்டிய ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தாலும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவாகலாம். தெரிந்து வைத்திருக்கவில்லை என்ற காரணத்தால் இப்படிப்பட்ட வழக்குகளை நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன, ஆனால் அதற்குள் விமானம் போயிருக்கும், விடுமுறையும் கோர்ட்டிலேயே கழிந்திருக்கும்.