சன்மானம் பேசக் கற்றுக்கொடுப்பது எப்படி?

கேள்வி: சேலத்தில் ஒரு கல்லூரியில் இசைத்துறை ஆசிரியை நான். இறுதியாண்டுப் பிள்ளைகள் நன்றாகப் பாடுகிறார்கள், வாசிக்கிறார்கள். ஆனால் அதை வைத்துப் பிழைக்கத் தெரியவில்லை. ‘தொழில் திறன்’ என்று வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மார்க்கெட்டிங் புத்தகத்தை எடுத்தால் வகுப்பே தூங்குகிறது. என்ன நடத்துவது?
– ஓர் ஆசிரியை, அஸ்தம்பட்டி

பதில்: புத்தகத்தை மூடி வையுங்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரு நிஜக் கச்சேரியை, முதல் போனிலிருந்து கடைசிக் கணக்கு வரை, தானே நடத்தி முடிக்கட்டும். ஒரு பருவத்துக்கு அதுவே போதும். ஆடிப் பண்டிகை, நவராத்திரி, ஏற்காட்டு விடுதிகள் என்று நம் ஊரில் சின்ன மேடைகளுக்குக் குறைவில்லை.

முதல் பாடம், தொகை சொல்வது. “எவ்வளவும்மா?” என்று கமிட்டிக்காரர் கேட்டதும் நம் பிள்ளைகள், “நீங்களே பார்த்துக் கொடுங்கண்ணா” என்பார்கள். மரியாதைக்குச் சொல்வதுதான். ஆனால் பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் போக மிஞ்சியதுதான் கவரில் வரும். கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஏற்காட்டில் ஒன்றரை மணி நேரக் கச்சேரி என்று வைத்துக்கொள்வோம். வயலினுக்கு 3,000, மிருதங்கத்துக்கு 3,000, மலையேறி இறங்க வண்டிக்கு 3,500, வழிச் சாப்பாட்டுக்கு 500. பாடுகிறவர் கைக்கு ஒரு ரூபாய் வருவதற்குள் 10,000 ஆகிவிட்டது. இரண்டு நாள் ஒத்திகை, ஒரு நாள் கச்சேரி என மூன்று நாள் உழைப்புக்கு 5,000 சேர்த்தால் 15,000. பேரத்துக்கு இடம் விட்டு 17,000 சொல்லலாம். 10,000-க்குக் கீழே போனால் கைக்காசு கரையும். இந்த எண்கள் போன் வருவதற்கு முன்பே நோட்டில் இருக்க வேண்டும். ரொம்பக் குறைக்கச் சொன்னால் நேரத்தை ஒரு மணியாக்கலாம், அல்லது வண்டியை அவர்களையே அனுப்பச் சொல்லலாம். எதையும் மாற்றாமல் தொகையை மட்டும் குறைத்தால், அடுத்த வருஷமும் அங்கிருந்தே பேரம் தொடங்கும்.

இதைச் சரளி வரிசை மாதிரி வாய்விட்டுப் பழக வேண்டும். ஒருவர் கமிட்டிக்காரர், ஒருவர் பாடகர். தொகையைச் சொன்னபின் வாயை மூடிக்கொண்டு எதிராளியின் பதிலுக்குக் காத்திருப்பதுதான் கஷ்டம். பலர் அந்த அமைதி தாங்காமல், தாங்களே 2,000 இறங்கிவிடுவார்கள்.

பேசி முடித்ததும் அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்: “ஆடி 18, மாலை 6.30 முதல் 8.00. மொத்தம் 15,000. முன்பணம் 10,000, மீதி கச்சேரி முடிந்ததும். மைக், ஸ்பீக்கர் உங்கள் பொறுப்பு. மழையால் நின்றால் முன்பணம் திரும்பாது. வீடியோ எடுத்து வெளியிடுவதானால் முன்பே கேட்கவும். சரியென்றால் பதில் போடுங்கள்.” முன்பணம் பாதி என்பது பொது வழக்கம். பக்கவாத்தியமும் வண்டியும் அடங்கும் அளவுக்குக் கேட்பதே என் யோசனை. கமிட்டி மீதியை இழுத்தடித்தாலும் பக்கவாத்தியக்காரருக்கு அன்றிரவே கொடுத்துவிட முடியும். கொடுக்காவிட்டால் அடுத்த கச்சேரிக்கு நல்ல மிருதங்கம் கிடைக்காது. பணம் தரப்போகிறவரின் பெயரும் எண்ணும் கையில் இருக்கட்டும். அழைத்தவரே கொடுப்பவராக இருப்பது அபூர்வம்.

வரிக்கு ஒரு வகுப்பு போதும். நிறுவனங்கள் சன்மானத்தில் 10 சதவீதம் வரி பிடித்தால், வருமானம் வரி வரம்புக்குள் இருக்கும்போது ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம். பான் எண் கொடுக்காவிட்டால் பிடிப்பு 20 சதவீதம். சாஸ்திரிய, நாட்டுப்புறக் கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு. மெல்லிசைக் குழுவுக்கு இது பொருந்தாது.

யூடியூபுக்கு வருவோம். இயற்றியவர் மறைந்து 60 ஆண்டு வரை பாட்டுக்குக் காப்புரிமை உண்டு. தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், அவர் கீர்த்தனைகளைத் தாராளமாகப் பாடலாம். ஆனால் இன்னொருவர் பாடிய ஒலிப்பதிவை எடுத்துப் போட முடியாது.

வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு ஆன்லைன் வகுப்பு எடுக்கப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நமக்குக் காலை 6.30 என்றால் நியூயார்க்கில் குளிர்காலத்தில் முந்தின இரவு 8 மணி. மார்ச்சில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியதும் அது 9 ஆகிவிடும். குழந்தை தூங்கி வழியும், ஏப்ரலில் வகுப்பை நிறுத்துவார்கள். பிப்ரவரியிலேயே, “அடுத்த மாதம் முதல் எங்களுக்குக் காலை 5.30” என்று சொல்லிவிட வேண்டும். கட்டணம் மாதத் தொடக்கத்திலேயே. முந்தின நாளே சொல்லாமல் விட்ட வகுப்புக்கு மாற்று வகுப்பு கிடையாது என்பதையும் சேர்க்கும்போதே எழுதிக் கொடுக்கட்டும்.

மதிப்பெண்ணுக்குத் தேர்வுத்தாள் வேண்டாம். வாட்ஸ்அப் உறுதிச் செய்தி, வரவு செலவு, பக்கவாத்தியத்துக்குக் கொடுத்ததற்கான கையெழுத்து, இந்த மூன்றையும் வாங்குங்கள். நஷ்டம் வந்தாலும் முழு மதிப்பெண் போடுங்கள். எந்த இடத்தில் பணம் போனது என்று கணக்கில் தெரிந்தால் சரி.