கமுதியிலேயே இவ்வளவு சோலார் இருக்கும்போது அணுமின்சாரம் எதற்கு?

மண்டபத்தில் ஐஸ் கம்பெனி பக்கம் ராத்திரி பதினோரு மணிக்குப் போய்ப் பாருங்கள். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும், விடிவதற்குள் ஐஸ் உறைந்தாக வேண்டும். அந்த நேரத்தில் கமுதி சோலாரிலிருந்து ஒரு யூனிட்கூட வராது.

கமுதி நிலையம் 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர். ஆனால் இரவு, மேகம் எல்லாம் கழித்தால் ஆண்டுச் சராசரி ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 130 மெகாவாட் போல. கூடங்குளத்தின் ஒரு உலை 1,000 மெகாவாட். எரிபொருள் மாற்ற, பராமரிக்க நிறுத்தும் நாட்கள் போக, இரவு பகலாக ஓடும். நிலக்கரி போலக் கரியமில வாயுவையும் கக்காது. இதற்காகத்தான் 2023 துபாய் காலநிலை மாநாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், 2050க்குள் அணுமின் திறனை மூன்று மடங்காக்குவோம் என்று கையெழுத்திட்டன. இப்போது உலக மின்சாரத்தில் அதன் பங்கு ஏறக்குறைய 9 சதவீதம்.

சரி, அப்புறம் ஏன் எல்லோரும் கட்டவில்லை? காலமும் காசும். கூடங்குளம் ஒப்பந்தம் 1988இல், வேலை தொடங்கியது 2002இல், முதல் மின்சாரம் 2013இல். பின்லாந்திலேயே ஓல்கிலுவோட்டோ மூன்றாம் உலைக்கு 2005 முதல் 2023 வரை ஆனது. கமுதியை எட்டே மாதத்தில் முடித்தார்கள்! கழிவுப் பிரச்சினையும், கடலோர மக்களின் பயமும் தனி.

என் கணக்கில் சோலாரும் காற்றாலையும்தான் முதுகெலும்பு. பேட்டரி இன்னும் மலிவாகும்வரை, ஐஸ் கம்பெனியின் ராத்திரி ஷிப்டுக்கு அணு உலை கைகொடுக்கும்.