வெளிச்சுவர்ப் பூச்சும் ஓதமும் (சுவர் ஈரம்): வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: பூச்சு முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. தீபாவளிக்குள் பெயிண்ட் அடித்துவிடலாமா? (ஜெலுத்தோங்)

வேண்டாம். நாலு வாரமாவது காயட்டும். தீபாவளி நேரம் பினாங்கில் மழை விடாது. அப்படியானால் இன்னும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பூச்சுக்குள் நீரும் சிமெண்டின் காரமும் இருக்கும்போது அடித்த பெயிண்ட் கொப்பளித்து உரியும்.

கே: சுவரில் ஈரம். என்ன பூசலாம்? (பாயான் லெப்பாஸ்)

உள்சுவரா வெளிச்சுவரா, மேலேயா அடியிலா, வீட்டுக்கு என்ன வயது, எதையும் எழுதவில்லை. இதற்கு மருந்துப் பெயர் சொல்ல முடியாது. நீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்: கூரைத் தண்ணீர்க் குழாய், ஏர்கான் வடிகுழாய், சுவரோரம் குவித்த மண். அதை நிறுத்தாமல் எதைப் பூசினாலும் வீண்.

கே: சிமெண்டை அதிகமாக்கி 1:3 (ஒரு பங்கு சிமெண்டு, மூன்று பங்கு மணல்) கலந்தால் மழை இறங்காதுதானே? (பட்டர்வொர்த்)

இறங்கும். சிமெண்டு கூடினால் பூச்சு சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும். மழைநீர் அதன் வழியே உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது. 1:5 அல்லது 1:6 போதும். இரண்டு கை (இரண்டு அடுக்காக) பூசுங்கள், மேல்கை அடிக்கையைவிடக் கடினமாக இருக்கக் கூடாது. ஒரு வாரம் நனைத்து வையுங்கள். கடல் மணல் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். அதிலுள்ள உப்பே ஈரத்தை இழுக்கும்.

கே: தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக வெடிப்பு. (செராஸ்)

கம்பிவலை வைக்காமல் பூசியிருக்கிறார்கள். இருபுறமும் ஒரு சாண் கொத்தி எடுத்து, வலை அடித்துத் திரும்பப் பூசுங்கள்.

கே: ஜார்ஜ்டவுனில் தாத்தா காலத்துக் கடைவீடு. கீழே மூன்றடிக்குப் பூச்சு உதிர்கிறது. கொத்திவிட்டு, நீர்த்தடுப்பு மருந்து கலந்த சிமெண்டு பூசலாம் என்கிறார் காண்ட்ராக்டர்.

தயவுசெய்து அவரை அப்படிப் பூச விடாதீர்கள். இந்த ஒரு வேலையால் கெட்ட வீடுகளைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்த நகரம் இது. அதன் பழைய சுவர்கள் மென்மையான செங்கல்லும் சுண்ணாம்பும். அடியில் ஓதத்தடுப்பு அடுக்கு, அதாவது தரை ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு, கிடையாது. தரை ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போகும். சிமெண்டு அந்த வழியை அடைக்கிறது. ஈரம் மூன்றடியில் நிற்காமல் ஆறடிக்கு ஏறும், உள்பக்கம் கசியும். பூச்சுக்குப் பின்னால் உப்பு படிந்து செங்கல்லின் முகத்தையே உரித்துவிடும். வெளியே பளபளப்பாக இருப்பதால் வீட்டுக்காரருக்குச் சில வருடம் எதுவும் தெரியாது.

உங்கள் வீட்டில் உதிர்வது பூச்சுதான், செங்கல் இல்லை. உப்பை வாங்கிக்கொண்டு உதிர்வதும் அந்தப் பூச்சின் வேலையே. சில வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவது செங்கல்லை மாற்றுவதைவிட மலிவு. நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்று மணல் மூன்று பங்கு. ஒவ்வொரு கையும் 10 மி.மீ. அளவில், இடையே நாள் விட்டு, வெயில் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிட்டுப் பூச வேண்டும். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும். பிளாஸ்டிக் பெயிண்டும் சிமெண்டைப் போலவே மூச்சை அடைக்கும். ஐந்தடிப் பாதையில் (கடைவீட்டு முன்புற நடைபாதை) தரையை உயர்த்தியிருக்கிறார்களா, கால்வாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இங்கேயும் முதல் கேள்வி. கை வைக்கும் முன் மாநகர் மன்றத்தில் அனுமதி கேளுங்கள்.

கே: தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் பூச்சைத் தரைவரை இறக்கலாமா? (கிள்ளான்)

கூடாது. ஓதத்தடுப்பு அடுக்குக்கு மேலேயே, தரையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் நிறுத்தி, கீழ் விளிம்பை வெளியே சாய்த்து விடுங்கள்.