ஒருங்கிணைப்பாளர் மாறியதும் ஆட்டங்கள் குறைந்துவிட்டன: என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பரே. கல்லூரிக் கூடைப்பந்து நடுவரான உங்களுக்கு, ஆட்டங்களை ஒதுக்கும் புது ஒருங்கிணைப்பாளர் வந்ததும் பருவத்துக்கு 22 ஆட்டம் 9 ஆகிவிட்டது, மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் பலன் இருக்காது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் நடுவர் மாதச் சம்பள ஊழியர் அல்ல, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் ஒப்பந்தக்காரர். பருவ ஆட்டங்களை யாருக்குக் கொடுப்பது என்பது கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் மோதும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) ஒருங்கிணைப்பாளரின் முடிவு. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பான என்சிஏஏவின் தேசிய ஒருங்கிணைப்பாளரின் கை, மார்ச் மாத தேசியப் போட்டிக்கு நடுவர்களைத் தேர்வு செய்வதில்தான் ஓங்கும். உங்கள் ஜனவரி ஆட்டங்களுக்கு அவரிடம் போய்ப் பயனில்லை.

முதலில், புதியவர் வேறு எந்த கான்ஃபரன்ஸ்களைப் பார்க்கிறார் என்று விசாரியுங்கள். ஒரே ஆள் நாலைந்தைக் கவனிப்பது சகஜம். அவரிடம் பெயர் கெட்டால் எல்லா இடத்திலும் அடிபடும். எனவே, அவர் கைக்கு வெளியே இருக்கும் இன்னொரு ஒருங்கிணைப்பாளரிடம் இப்போதே விண்ணப்பியுங்கள். அடுத்த நிலைக் கல்லூரிகள் ஆடும் இரண்டாம் டிவிஷன் ஆட்டங்களையும் விடாதீர்கள்.

கோடையில் அவர் நடத்தும் அல்லது நேரில் வரும் முகாமுக்குக் கட்டாயம் போங்கள். அவர் பார்ப்பது விசில் எண்ணிக்கையை அல்ல. பந்து பக்கம் மாறும்போது கடைக்கோட்டு நடுவர் (கூடைக்குக் கீழே கோட்டில் நிற்பவர்) தயங்காமல் இடம் மாறுகிறாரா, நடு நடுவர் (பக்கவாட்டில் நடுவே நிற்பவர்) தன் பக்கத்துத் தாக்குதலைக் கடைசிவரை பார்க்கிறாரா என்பதைத்தான். பழையவர் சொல்லிக்கொடுத்த நிலையிலேயே நின்றால் அங்கேயே தேறமாட்டீர்கள். பலர் சறுக்குவது இதில்தான்.

முகாம் முடிந்ததும் நான்கு துண்டு வீடியோ அனுப்புங்கள், ஒவ்வொன்றும் 20 வினாடி. ஒன்று நீங்கள் தவறவிட்ட முடிவாகவே இருக்கட்டும்; கீழே இரண்டு வரியில் காரணம் எழுதுங்கள். நடுவர்களுக்கு ஆட்டம் ஒதுக்கப் பயன்படும் ஆர்பிட்டர் என்ற இணையதளத்தில், உங்கள் காலித் தேதிகளை அவர் அட்டவணை போடுமுன் சரியாக்கி வையுங்கள். ஏற்ற ஆட்டத்தைப் பெரிய ஆட்டத்துக்காகக் கைவிடவே வேண்டாம்.