கிடாருக்கு எந்த ஸ்ட்ரிங் வாங்குவது? 10, 11, 12 என்று போட்டிருக்கிறது. கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்கிறாரே?

அந்த "எல்லாம் ஒன்றுதான்" கண்ணில் பட்டதால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒன்றில்லை. காரைக்குடிப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். புதிதாகக் கற்கிறீர்கள், கிடார் யாரோ வீட்டில் வைத்திருந்தது, விரல் நுனி வலிக்கிறது என்று நானாக வைத்துக்கொள்கிறேன்.

பாக்கெட்டைப் பார்க்கும் முன் கிடாரைப் பாருங்கள். கம்பி போய் முடிகிற பிரிட்ஜில் ஆறு முளைகள் செருகியிருந்தால் அது ஸ்டீல் கம்பி போடும் அக்கூஸ்டிக். முளை இல்லாமல் கம்பியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்து, மெல்லிய மூன்று கம்பிகளும் தூண்டில் நரம்பு மாதிரி இருந்தால் அது கிளாசிக்கல். அதற்கு நைலான், நைலான் மட்டும். முளை இல்லாத ஸ்டீல் கிடாரும் உண்டு என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். உண்டு, தெரியும். அதிலும் முடிச்சு இருக்காது.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், கானாடுகாத்தானில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் ஒரு கிளாசிக்கல் கிடார் இருக்கிறது. அந்த வீட்டு ஐயா மலாயாவிலிருந்து கொண்டுவந்தது. மாடி அறையில் பெட்டியோடு கிடந்ததை அயித்தை மகன் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட்டுக்காக இறக்கினார்கள். மாப்பிள்ளை முற்றத்துத் தூணில் சாய்ந்து கிடாரோடு நிற்க வேண்டுமாம். மாப்பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது, அது வேறு. கம்பி இரண்டு அறுந்திருந்தது. நைலான் கேட்டு வாங்கு என்று போனில் படித்துப் படித்துச் சொன்னேன். கடையில் அது இல்லையாம், எல்லாம் ஒன்றுதானாம், 12 செட் ஸ்டீலை மாட்டி அனுப்பிவிட்டார்கள். போட்டோவில் பளபளவென்று விழும் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

நைலான் செட் முழுவதும் சேர்ந்து இழுப்பது 40 கிலோவை ஒட்டி. ஸ்டீல் 12 செட் சுமார் 70 கிலோ. ஸ்டீல் கிடாரின் கழுத்துக்குள் அந்த இழுப்பைத் தாங்க ஓர் இரும்புத் தண்டு ஓடும். பழைய கிளாசிக்கலில் பொதுவாக அது கிடையாது, உள்ளே முட்டுக்கொடுத்திருக்கும் பட்டைகளும் மெலிசு. கல்யாண வேலை முடிந்து நான் போய்ப் பார்த்தபோது பிரிட்ஜின் பின்விளிம்பு தூக்கிக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்று அடியில் தாராளமாக நுழைந்தது. முன்பலகையும் லேசாகப் புடைத்திருந்தது. உடனே கம்பியைத் தளர்த்தச் சொன்னால், "அழகாத்தானே இருக்கு" என்கிறார்கள்.

அதைக் காப்பாற்றியது பழைய பர்மா தேக்குக் கதவுகளைச் செப்பனிடும் ஓர் ஆசாரி. கிடாரைக் கையில் எடுத்ததே அதுதான் முதல் தடவை. நான் நீட்டிய வெள்ளைப் பசையை ஓரமாக வைத்துவிட்டு, தகரக் குவளையில் வச்சிரம், அதாவது விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பழங்காலப் பசை, காய்ச்சினார். பட்டைக் கத்தியைச் சூடு காட்டி, பழைய பசையை இளக்கி, பிரிட்ஜை முழுசாகக் கழற்றிச் சுரண்டி, சூடு ஆறுவதற்குள் ஒட்டி இறுக்கினார். கிடார் செய்கிற பெரிய கைகாரர்கள் சிலரும் வச்சிரத்தைத்தான் இன்னும் நம்புகிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

இந்த போட்டோ ஷூட் தொல்லையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுத் திண்ணையில் கேட்காமல் விளக்கை நட்டு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இரும்பு ஸ்டாண்டை இழுத்து, ஆயா வெளியே வந்தால் "பாட்டி, கொஞ்சம் ஃபிரேமை விட்டு நகருங்க" என்கிறார்கள். அவர் வீட்டில் அவர் நகர வேண்டும்! கேட்டால் ஊருக்குப் பெருமையாம்.

சரி, உங்கள் கம்பி. முளை வைத்த அக்கூஸ்டிக் என்றால் 11 வாங்குங்கள். அந்த எண் முதல் கம்பியின், அதாவது மிக மெல்லிய கம்பியின், தடிமன். 10 என்றால் 0.010 அங்குலம், கால் மில்லிமீட்டர். 10 விரலுக்கு இதம், ஆனால் சத்தம் கொஞ்சம் ஒல்லி. 12 நல்ல கனமான நாதம், தொடக்கத்தில் அழுத்துவது கஷ்டம். 12-தான் உண்மையான சத்தம் என்பவர்களோடு நான் வாதிடவில்லை, அவர்கள் விரல் பழகிவிட்டது. பாஸ்பர் பிரான்ஸ் (Phosphor Bronze, ஒருவகை வெண்கலம்) என்று போட்டிருப்பதை எடுங்கள். 80/20 பிரான்ஸ் முதலில் இன்னும் பளிச்சென்று ஒலிக்கும், சீக்கிரம் மங்கும். எலெக்ட்ரிக் கிடார் செட் வேண்டவே வேண்டாம். அது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்த பிக்கப்புக்குச் செய்தது.

துருவை ஆராய்கிற சிக்ரியே (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊர்தான் காரைக்குடி, ஆனாலும் கம்பியைத் துருவேற்றும் உங்கள் வியர்வைக்கு நீங்கள்தான் பொறுப்பு. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள்.

கம்பிக்கும் விரலால் அழுத்துகிற கழுத்துக் கட்டைக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால் எந்த எண் போட்டாலும் வலிக்கும், அது கம்பியின் குற்றமில்லை. பிரிட்ஜ் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ கருத்துப் பெட்டியில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கடைக்காரரை மாட்ட விடாதீர்கள்.