கூடாரத்தை விற்றுவிடாதீர்கள்

கேள்வி: பத்து வருடமாகக் கோடை விடுமுறையில் கூடாரம் போட்டுத்தான் தங்குகிறோம். முதல் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஆளுக்கொரு பேய்க்கதை சொல்வது எங்கள் வழக்கம். இப்போது அம்மாவுக்கு மூட்டுவலி, தரையில் படுத்து எழ முடியவில்லை. பழைய டிராவல் டிரெய்லர் (காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, உள்ளேயே படுத்துத் தூங்கக்கூடிய சக்கர வீடு) ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். "அப்போ பேய்க்கதை?" என்று மகள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் உங்கள் காரைப் பாருங்கள். டிரெய்லரை அப்புறம் பார்க்கலாம். விற்பவர் சொல்வது பெரும்பாலும் காலி எடையாக இருக்கும். தண்ணீர், துணிமணி, பாத்திரம் எதுவும் அதில் சேராது. 150 லிட்டர் தொட்டியை நிரப்பினாலே 150 கிலோ கூடிவிடும். அதனால் முழுச் சுமையோடு அனுமதிக்கப்பட்ட உச்ச எடையைக் கேளுங்கள். டிராவல் டிரெய்லரில் பொதுவாக மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் இறங்கும். 1,500 கிலோ என்றால் 150 கிலோவுக்குக் குறையாது. அம்மா, பிள்ளைகள், பெட்டிகளோடு அந்தப் பாரத்தையும் கார்தான் தாங்க வேண்டும். கார் கையேட்டில் உள்ள வரம்பைத் தாண்டாதீர்கள். அதற்காகக் கனமான சாமான்களைப் பின்பக்கம் தள்ளி வைத்தால், வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும்.

அடுத்தது ஈரம். எங்கள் முதல் டிரெய்லரை அதன் சமையல் மேடையைப் பார்த்து மயங்கி வாங்கினேன். முதல் மழையில், நடு ராத்திரி, மூக்கு மேல் ஒரு சொட்டு. கூரை ஜன்னலின் ஓரப் பூச்சு வெடித்து, உள்ளே பலகை ஊறிய ரொட்டி மாதிரி ஆகியிருந்தது. விற்றவர் மறைத்தாரா, அவருக்கே தெரியாதா, இன்றுவரை புரியவில்லை. அந்தக் கோடை சுவரைப் பிரிப்பதிலேயே போனது. எனவே பூட்டிக் கிடந்த டிரெய்லரைத் திறந்ததும் முதலில் மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் திரும்பி வந்துவிடலாம். ஜன்னல் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், கட்டிலுக்கு அடியில் தரையை மிதித்துப் பாருங்கள். புதுப் பெயின்ட் வாசனை வந்தாலும் சந்தேகப்படுங்கள்.

டயர் பளபளப்பை நம்பாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பல காலம் ஓடாமல் நின்ற டயர், பட்டன் தேயாமலே வெடிக்கும்.

ரிவர்ஸ் எடுக்க, ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். காலி மைதானத்தில் பழகுங்கள், கணவன் மனைவி சண்டையை வேடிக்கை பார்க்க அருகில் யாரும் இல்லாத மைதானமாக இருந்தால் நல்லது. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் கொக்கியைக் கழற்றவே கூடாது.

பேய்க்கதை எங்கேயும் போகாது. எங்கள் பிள்ளைகள் இன்னும் டிரெய்லர் பக்கத்தில்தான் கூடாரம் அடிக்கிறார்கள். கதை உச்சத்துக்கு வரும்போது, டிரெய்லர் ஜன்னலை மெல்லத் திறந்து முனகுவது பாட்டியின் வேலை.