இரண்டடி உயரத்தில் எப்படிக் கவிழும்?

(வாசகர் கேள்விகளுக்கு இந்த வாரம் பதில் சொல்பவர், முப்பது வருடம் சிறிய ஹெலிகாப்டர்களுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: ஒரு வீடியோவில் விமானத் தளத்தில் நின்ற சின்ன ஹெலிகாப்டர், கிளம்பும்போதே பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்துவிட்டது. இரண்டடிகூட எழும்பவில்லை, பெரிய காற்றும் இல்லை. பைலட் தூங்கிவிட்டாரா? (கல்லூரி மாணவர்)

தூங்கியிருக்க மாட்டார், தம்பி. மும்முரமாக வேலை செய்திருப்பார், தப்பான கையால்.

என்ஜின் ஓடாமல் நிற்கிற ஹெலிகாப்டரைச் சாய்த்துப் பார்த்தால், பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேல் போனால்தான் தானாகக் கவிழும். மேலே சுற்றும் பெரிய விசிறி, அதாவது ரோட்டார், முழு வேகத்தில் சுற்றி, எடையில் பாதிக்கு மேல் தூக்கிக்கொண்டிருக்கும்போது கதையே வேறு. அந்த நேரத்தில் ஒரு பக்கத்து ஸ்கிட் (சக்கரத்துக்குப் பதிலாக அடியில் இருக்கும் நீளக் குழாய்க் கால்) சேற்றிலோ, வெயிலில் இளகிய தாரிலோ மாட்டிக்கொண்டால் அது கதவுக் கீல் மாதிரி ஆகிவிடும். மறுபக்கம் எழும்பும், மெஷின் அந்தக் கீலைச் சுற்றி உருளத் தொடங்கும். உருளும் வேகம் கூடிவிட்டால் 5 முதல் 8 டிகிரிக்குள்ளேயே கைமீறிவிடும் என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். மெஷின், காற்று, உள்ளே எந்தப் பக்கம் கனம் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். டைனமிக் ரோல்ஓவர் என்று பெயர்.

சாயும்போது பைலட்டின் வலது கை தானாகவே, ரோட்டாரைச் சாய்க்கும் சைக்ளிக் தடியை எதிர்ப்பக்கம் தள்ளும். யாராக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் சைக்ளிக்கால் ரோட்டாரைச் சாய்க்க ஓர் எல்லை உண்டு. உடல் அதையும் தாண்டிச் சாய்ந்துவிட்டால், தூக்குகிற விசையே கவிழ்க்கிற விசை ஆகிவிடும். தப்பிக்கும் வழி இடது கையில் இருக்கிறது. தூக்கும் விசையைக் கூட்டிக் குறைக்கும் கலெக்டிவ் நெம்புகோலை இறக்க வேண்டும், அதுவும் பதறாமல். சடாரென்று அழுத்தினால் எழும்பிய பக்கம் தரையில் மோதி, மெஷின் அந்தப் பக்கமாக உருளவும் வாய்ப்பு உண்டு.

இது எனக்கு இவ்வளவு விளக்கமாகத் தெரிந்திருப்பதற்குக் காரணம் நானேதான். வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம். ராத்திரி பலத்த காற்று என்பதால் இரண்டு பேர் உட்காரும் பயிற்சி ஹெலிகாப்டரின் இரு ஸ்கிட்டையும் தரை வளையத்தில் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தேன். காலையில் வலது பக்கத்தை அவிழ்த்தேன். யாரோ கூப்பிட்டார்கள், போனேன். திரும்பி வரும்போது கையில் ஒரு பெல்ட் இருந்தது, ‘அவிழ்த்தாயிற்று’ என்று மூளை முடிவு செய்துவிட்டது. பயிற்சியாளரும் அன்றைக்கு மெஷினைச் சுற்றிப் பார்த்தது அரைச் சுற்றுதான்.

வலது ஸ்கிட் அழகாக எழும்பியது. இடது ஸ்கிட் எழவில்லை. அப்போதுதான் அந்தச் சிவப்பு பெல்ட் விறைத்து நிற்பதைப் பார்த்தேன். கத்தினேன், யார் காதில் விழும்? இரண்டு வினாடி இருக்கலாம். பிளேடு தரையைத் தொட்டதும் வந்த சத்தம், அதன் பின் மண்ணும் தகடுமாக ஒரு மழை. கைநீளத் துண்டு ஒன்று ஹேங்கர் கதவைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்க் கிடந்தது. நான் காலையில் டீ குடித்த இடம் அது. உள்ளே இருந்த இருவரும் சீட் பெல்ட்டில் தொங்கியபடி இருந்தார்கள், சிராய்ப்புதான். பயிற்சியாளர் வெளியே வந்து முதலில் கேட்டது, ‘எத்தனை பெல்ட் கட்டினீங்க?’

அதற்குப் பிறகு அவிழ்த்த பெல்ட்டை எண் எழுதிய ஆணியில்தான் மாட்டினேன். இரண்டு ஆணியும் நிரம்பாமல் யாரையும் ஏற விட்டதில்லை.

கேள்வி: இன்னொரு வீடியோவில் ஒரு ஹெலிகாப்டர் தரையில் நின்றபடியே உதற ஆரம்பித்துச் சில வினாடிகளில் சுக்குநூறாகிவிட்டதே, அதுவும் இதே வகையா? (இல்லத்தரசி)

இல்லை அம்மா, அது கிரவுண்ட் ரெசனன்ஸ். மூன்றோ அதற்கு மேலோ பிளேடுகள் இருந்து, ஒவ்வொன்றும் கீலில் முன்பின் அசையக்கூடிய ரோட்டாருக்கு வருகிற வியாதி. ஷ்வைட்சர் 300 என்ற சின்ன ஹெலிகாப்டர் ஓர் உதாரணம். மூன்று பிளேடும் 120 டிகிரி இடைவெளியில் சுற்ற வேண்டும். தரையில் ஒரு பக்கம் ‘டொக்’ என்று மோதினால் அந்த இடைவெளி கலைந்து, கனத்தின் மையம் நடுவிலிருந்து நகரும். அந்த ஆட்டமும் ஸ்கிட்டின் மேல் உடல் ஆடும் தாளமும் ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டம் கூடும். ரோட்டார் வேகம் சரியாக இருந்தால் உடனே தூக்கிவிட வேண்டும், காற்றில் போனதும் அடங்கிவிடும். வேகம் குறைவென்றால் என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை மூடி, கலெக்டிவை இறக்க வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது.

இதைத் தடுக்கத்தான் பிளேடிலும் காலிலும் டேம்பர்கள், அதாவது ஆட்டத்தை அடக்கும் பாகங்கள். காலையில் ஒவ்வொரு பிளேடையும் கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பேன். மூன்றும் ஒரே மாதிரி முரண்டு பிடிக்க வேண்டும். ஒன்று மட்டும் லேசாக வழிவிட்டால் அன்று பறப்பது இல்லை. ராபின்சன் ஆர்22 மாதிரி இரண்டு பிளேடு மெஷினுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதற்கு வேறு தொல்லைகள்.

கேள்வி: பிளேடு மட்டும்தானே உடைந்தது, மாற்றினால் போதாதா? (வியாபாரி)

போதாது. ஆர்22-ன் ரோட்டார் நிமிடத்துக்கு 500 சுற்றுக்கு மேல் சுற்றும், பிளேடு நுனி மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அது தரையில் பட்டு நின்றால் அந்த அடி கியர்பாக்ஸ், ஷாஃப்ட், என்ஜின் வரை போகும். வெளியே கீறல்கூடத் தெரியாது. எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தாக வேண்டும். பல நேரம் மிச்சமிருப்பதை விற்பதே லாபம்.

கேள்வி: கவிழ்ந்தால் தீப்பிடிக்குமா? (பெயர் வேண்டாம்)

பிடிக்கலாம். அதே ராபின்சன் நிறுவனத்தின் ஆர்44-ல் இருந்த பழைய அலுமினிய எரிபொருள் டேங்குகள், பிழைத்திருக்கக்கூடிய மெதுவான விபத்துகளில்கூடக் கிழிந்து எரிந்தன. 2010 டிசம்பரில் தயாரிப்பாளரே டேங்கின் உள்ளே வளையும் பை பொருத்தச் சொன்னார். 2013 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் புல்லி டாப்ஸில் ஓர் ஆர்44 இறங்கும் இடத்திலேயே மரக்கிளையில் இடித்து விழுந்து எரிந்தது, நான்கு பேர் இறந்தார்கள். அதில் பழைய டேங்க்தான் இருந்தது.

கேள்வி: ஹெலிகாப்டர் பக்கம் போகும்போது குனிந்தால் போதும்தானே? (பள்ளி மாணவி)

குனிவது நல்லதுதான். ரோட்டார் வேகம் குறையும்போது பிளேடு தொய்யும், காற்றடித்தால் இன்னும் கீழே வரும். ஆனால் வால் பக்கம் குனிந்தும் பயனில்லை கண்ணு. அந்தச் சின்ன விசிறி பல மெஷின்களில் உன் தலை உயரத்தில்தான் சுற்றும், சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது. பைலட் உன்னைப் பார்க்கும்படி முன்பக்கமாக, அவர் தலையசைத்த பிறகு போ. தொப்பியைக் கையில் பிடித்துக்கொள். பறந்துவிட்டால் அதன் பின்னால் ஓடாதே.